காப்புக் கட்டிய கம்பி

மருதப்பனைப் பற்றி எழுதுவதற்கு என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவனோடு வேலை பார்த்தவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருக்கிறவர்களுக்கு அவனைத் தெரியும், கம்பியைத் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன்தான் நான். ஆனால் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கம்பிக் கயிறு பின்னுகிற கூலியாக நுழைந்து, அங்கேயே கூலிகளை மேய்க்கும் மண்டோராக உயர்ந்து, பிறகு நோரிஸ் ரோட்டில் சொந்தமாகக் கயிற்றுக் கடை போட்டு உட்கார்ந்தவன். என் கைப்பின்னலில் தொங்கிய பாரம் ஒன்றுகூட விழுந்தது கிடையாது. முத்துசாமி பின்னல் என்றால் கப்பல்காரர்கள் இழுத்துப் பார்க்கவே மாட்டார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

மருதப்பன் டிராலி பஸ் கம்பிக்காரன். சாலைக்கு மேலே ஓடிய மின்சாரக் கம்பிகளை இழுத்துக் கட்டுவது அவன் வேலை. ஏணி லாரியின் உச்சியில் நின்றுகொண்டே சிராங்கூன் ரோட்டில் ஊர்வலம் போவான். ஒல்லி, உயரம். தரையில் நடக்கும்போதும் மேலேயே பார்த்துக்கொண்டு நடப்பான். அவன் கால் விழாத சாக்கடை அந்த வட்டாரத்தில் இல்லை.

அவனுக்கு ஒரே பகை உண்டு, ஆட்டம். கம்பி ஆடினால் அதைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பஸ்ஸின் கொம்பு நழுவும், கொம்பு நழுவினால் பஸ் நடுரோட்டில் நிற்கும், கண்டக்டர் அவன் ஆத்தாளைத் திட்டுவான். வருஷக்கணக்காக இதிலேயே ஊறியவனுக்கு எது அசைந்தாலும் பொறுக்காமல் போய்விட்டது. வீட்டில் துணி காயப்போடும் கொடியைக்கூட இரும்புத் திருகு வைத்து முறுக்கியிருந்தான். விரலால் சுண்டினால் வீணை மாதிரி சத்தம் வரும். காலண்டர் காற்றில் படபடக்கக் கூடாது என்று கீழேயும் இரண்டு ஆணி. மாதம் பிறந்தால் அவன் பெண்டாட்டி பூவம்மா முதலில் ஆணியைப் பிடுங்கித்தான் தாளைக் கிழிப்பாள்.

டிராலி பஸ்களை நிறுத்தியபோது, தான் கட்டிய கம்பிகளைத் தானே இறக்கிப் போடும் வேலை அவனுக்கு வந்தது. அந்த நாட்களில் அவன் யாரோடும் பேசவில்லை. பிறகு அவனை ஒரு ஸ்டோரில் போட்டார்கள். கழித்துப் போட்ட கம்பியில் ஒரு சுருள் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தான். எதற்கு என்று கேட்டவர்களிடம், "இருக்கட்டும்லா" என்றான்.

அவன் இருந்தது ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்புறம், ஒட்டி ஒட்டி வரிசையாக அறைகள் கட்டிய தொழிலாளர் லயனில், கடைசி அறை. லயன் முற்றத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அடிமரத்தைக் கட்டிப் பிடிக்க ஆட்கள் கைகோத்து நிற்க வேண்டும், அவ்வளவு பெரிசு. அடியில் சின்னதாக ஒரு மாரியம்மன். பகலில் சாக்கடை வேலையும் சாயங்காலத்தில் பூசையும் பார்த்த சேதுபதிதான் பூசாரி. மரத்தின் பெரிய கிளை ஒன்று, அதுவே ஒரு மரம் பருமன், மருதப்பன் அறையின் கூரைக்கு நேர் மேலே நீண்டிருந்தது. ஒரு காற்றில் பக்கத்துக் கிளை முறிந்து சமையல்கட்டில் விழுந்ததிலிருந்து லயன்காரர்களுக்குப் பயம். "நான் கட்டித் தரேன்" என்று மருதப்பன் அந்தச் சுருளை எடுத்தான். கட்டினான். கிளை அசையவில்லை. ஊரே அவனை மெச்சியது. டிராலி போன பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தானாம்.

கம்பி கட்டிய இரண்டாம் வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூவம்மா என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு நடை வந்து மரத்த பாத்துட்டுப் போங்க."

"நான் என்ன மரத்துக்கு வைத்தியனா?"

"கம்பிக்கு வைத்தியர்தானே. காத்தடிச்சா ராவெல்லாம் முனகுது. கிளை முனகுதா வீடு முனகுதான்னு தெரியல. அவரு நிம்மதியா தூங்குறாரு. நான் உக்காந்து கூரைய பாத்துக்கிட்டிருக்கேன்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஆடலியே, அப்புறம் என்னங்கிறாரு."

போனேன். என் சகா அஹமது கபீரையும் கூட்டிக்கொண்டு போனேன். கடையநல்லூர்க்காரன், துறைமுகத்தில் கப்பல் கொடிமரம் ஏறுவதில் எனக்கு அடுத்தவன். எனக்கு அடுத்தவன் என்பதை அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

கீழே நின்று அந்தக் கட்டைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கம்பி அடிமரத்தை ஒரு சுற்று சுற்றிக் கிளைக்குப் போகிறது. கிளையில் இரண்டு சுற்று. பட்டைக்குள் புதைந்து, மேலே மரம் உதடு மாதிரி வீங்கியிருக்கிறது. அங்கிருந்து கம்பி மேலே அல்லவா போக வேண்டும்? பாரத்தை மேலிருந்துதான் பிடிக்க வேண்டும், இது துறைமுகத்துக் காக்காய்க்கும் தெரியும். இந்தக் கம்பி கீழே வந்தது. மருதப்பன் வீட்டுச் சுவரில் ஓர் இரும்பு வளையம், அதில் வந்து முறுக்கி நின்றது.

"என்னடா இது," என்றேன். "கிளைய தாங்குறதுக்கா கட்டிருக்கான், இழுக்குறதுக்கா?"

கபீர் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ரோட்டுல இப்படித்தானே கட்டுவாங்க. இந்தக் கடைச் சுவருக்கும் அந்தக் கடைச் சுவருக்கும் கம்பிய இழுத்து முறுக்கி, நடுவுல டிராலி கம்பிய தொங்கவிடுவாங்க."

அப்போதுதான் புரிந்தது. மருதப்பனுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். ஆடக் கூடாத ஒன்றை ஆடாமல் வைக்க இரண்டு பக்கமும் இழுத்து முறுக்கு. கிளை வருஷம் முழுக்க வளர்கிறது, கனக்கிறது. கம்பி அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. சுவர் ஜன்னலிலிருந்து கூரை வரை வெடித்திருந்தது. கபீர் ஏறிப் பார்த்துவிட்டு, கிளையும் மரமும் சேருகிற கவட்டில் பிளவு இருக்கிறது, கை நுழைகிறது என்றான். அடுத்த பெருங்காற்றுக்குக் கிளை கீழேதான் வர வேண்டும். கீழே இருப்பது மருதப்பனின் பாய்.

"இன்னிக்கே இத எடுக்கணும்," என்றேன். "அதுவரைக்கும் ரெண்டு பேரும் வேற எங்கயாவது படுங்க."

பூவம்மா அடிமரத்தைக் காட்டினாள். கம்பிச் சுற்றின்மேல் மஞ்சள் துணி, அதில் மஞ்சள் கிழங்கு, வேப்பிலை. "வெள்ளிக்கெழம காப்புக் கட்டியாச்சுண்ணே."

திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் மரத்துக்கும் கட்டுவது அந்த லயன் வழக்கம். அடிமரத்தைச் சுற்ற எந்தத் துணியும் எட்டாது. முன்பெல்லாம் சேலைகளை முடிந்து கட்டுவார்களாம். அந்த வருஷம் யாரோ ஒரு புத்திசாலி, கம்பிதான் சுற்றி இருக்கிறதே, அதிலேயே கட்டிவிடலாமே என்று சொல்ல, கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிற வரை அவிழ்க்கக் கூடாது. காப்புக் கட்டிக்கொண்டவன் வெளியிடத்தில் படுக்கக் கூடாது. அந்த வருஷம் கரகம் எடுக்க நேர்ந்துகொண்டு கையில் காப்புக் கட்டியிருந்தவன் யார் என்றால், மருதப்பன்.

உள்ளே போனேன். மஞ்சள் வேட்டியோடு பாயில் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே விரிசல்.

"மருதா, நீ கட்டுன கம்பி கிளைய கீழ இழுக்குது."

"ஆடுதா?"

"ஆடல."

"ஆடாதது எப்படி விழும்?"

எத்தனையோ இன்ஜினீயர்களை வாயடைத்தவன் நான். இவனுக்குப் பாடம் எடுக்கப் பாயில் உட்கார வேண்டியதாயிற்று. பிறகு சொன்னேன்: "மரம் டிராலி கம்பி இல்லடா. அது ஆடித்தான் நிக்கும். நீ அத நிறுத்தி வச்சிருக்க."

"நிறுத்தி வச்சா நிக்குந்தானேலா."

"அட, கூறுகெட்டவனே. விழுந்தா யார் மேல விழும்?"

"ஆத்தா காப்புக்குள்ள இருக்கேன். என்மேல எப்படி விழும்?"

பூவம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அவரு இங்கதான் படுப்பாருன்னா நானும் இங்கதான் படுப்பேன். விழுந்தா ரெண்டு பேருமேலயும் விழட்டும். சமைக்கிற வேல மிச்சம்."

மருதப்பன் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். முகம் மாறியது.

சேதுபதியைக் கூப்பிட்டுக் கேட்டோம். மனுஷன் மண்வெட்டியோடு வந்தான், அன்று அவனுக்கு ஓவர்டைம். விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தான்.

"துணிய தொடாம கம்பிய மட்டும் எடுக்க முடியுமா?"

"துணி கம்பியிலதானே கட்டிருக்கு."

"அப்ப சுவர்ப் பக்கத்துல அறுத்தா?"

"அறுக்கலாம். அது காப்ப அறுத்த மாதிரியா, இல்லையா? அத நீங்கதான் சொல்லணும்."

சேதுபதி மரத்தைப் பார்த்தான், கம்பி போகும் வழியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "காப்பு மரத்துக்கு. ஆனா கட்டுனது கம்பிக்கு. கம்பி போறது வீட்டுக்கு. அப்படின்னா இந்த வீடும் காப்புக்குள்ளதான் இருக்கா?"

"அப்ப எங்க வீட்டுல கருவாடு ஆக்குனது தப்பா?" என்று கேட்டாள் பூவம்மா.

"கருவாடு ஆக்குனியா?"

"எங்களுக்கு இல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. மசக்கை."

அங்கிருந்து பேச்சு கருவாட்டுக்குப் போயிற்று. லயன்காரர்கள் கூடிவிட்டார்கள். வீடு காப்புக்குள் என்றால் அந்தச் சுவரை ஒட்டிய அடுத்த வீடும் காப்புக்குள்தானே, அப்படியானால் லயன் முழுக்கவே கருவாடு கூடாதே என்றார் ஒருவர். அறுத்தால் மழை வராது என்றார் இன்னொருவர். மழை வராவிட்டால் நல்லதுதானே, கிளை விழாதே என்றார் மற்றொருவர். எனக்குத் தலை சுற்றியது. கப்பலில் நாலு மொழி பேசுகிற ஆட்களை வைத்து வேலை வாங்கியவன் நான். அங்கே எல்லாருக்கும் ஒரே தமிழ், ஆனால் யார் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

சரி, இவர்கள் பேசி முடிக்கட்டும், நாம் நம் வேலையைத் தொடங்குவோம் என்று கடைக்குப் போய்ச் சாமான்களை அள்ளி வந்தோம். கபீர் மரத்தடியில் நின்று கேட்டான்: "பூசாரி, நான் ஏறலாமா?"

"செருப்ப கழட்டிட்டு ஏறுங்க பாய்."

"மரத்துல எவன்யா செருப்போட ஏறுவான்," என்று சொல்லிக்கொண்டே ஏறினான்.

முறையாகச் செய்வதென்றால் மரத்தைத் துளைத்துக் கம்பி கோக்கும் போல்ட் ஒன்றை ஊடே விட வேண்டும். சுற்றிக் கட்டினால் பட்டை நெரியும். ஆனால் காப்புக் கட்டிய மரத்தில் துளை போடவா என்று சேதுபதி கை கூப்பிவிட்டான். ஆகவே அப்போதைக்கு அகலமான கான்வாஸ் பட்டைகளை மெத்தை வைத்துச் சுற்றி, மரத்தின் நடுத்தண்டில் உயரமான இடத்திலிருந்து கிளையின் பாதிக்கும் அப்பால், என் கைப்பின்னல் கம்பிக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டோம். நடுவில், சங்கிலியை இழுத்தால் பாரம் ஏறும் செயின் பிளாக். நான் கீழிருந்து இழுத்தேன். கிளை கொஞ்சம் எழும்பியது. உடனே சுவர் கறுக்கென்றது. உள்ளே காரை விழும் சத்தம். பூவம்மா வெளியே ஓடி வந்தாள். மருதப்பன் வரவில்லை.

நிறுத்திவிட்டேன். தூக்கினால் கம்பி சுவரை இழுத்துச் சாய்க்கும். இறக்கினால் கிளை பிளந்து கூரைமேல் விழும். சுவர்க் கம்பியை விடுவிக்காமல் வழியில்லை. விடுவிக்கக் கூடாது என்கிறது ஊர். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"மருதா, வெளியவாவது வந்து நில்லுடா," என்று கத்தினேன்.

அவன் வந்தான். தலையில் சுண்ணாம்புக் காரை. முதலில் பூவம்மாவைப் பார்த்தான். பிறகு சுவரை, பிறகு என் செயின் பிளாக்கை.

"எதுக்கு எல்லாரும் அறுக்கிறதப் பத்தியே பேசுறீங்க?" என்றான். "கரண்டு ஓடுற லைன நான் ஒரு நாளும் அறுத்ததில்ல. ரோட்டுல பள்ளம் தோண்டுனா லைன தள்ளிப் போடணும். பஸ் ஓடிக்கிட்டே இருக்கும். அப்ப என்ன செய்வோம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவனே சொல்லட்டும் என்று நான் அவன் பக்கம் கையைக் காட்டினேன்.

அவன் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தான். மிச்சமிருந்த கம்பியிலிருந்து நீளமாக ஒரு துண்டு. அதன் ஒரு முனையைக் காப்புக் கம்பியில், சுவரிலிருந்து இரண்டு கையையும் விரித்த தூரம் தள்ளி, இரும்புப் பிடி வைத்து முறுக்கினான். மறுமுனையைச் சுவர் வளையத்திலேயே கோத்து முறுக்கினான். நடுவில் அந்தத் துண்டு ஊஞ்சல் மாதிரி தொய்ந்து தொங்கியது. இப்போது மரத்துக்கும் சுவருக்கும் இரண்டு வழி. ஒன்று விறைப்பாக, ஒன்று தொய்வாக. விறைப்பான வழியை ஒரு திருகால் கவ்விப் பிடித்து, நடுவே வெட்டி, திருகை மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தான். கிளையின் இழுப்பு தொய்வுக்குப் போய்ச் சேர்ந்தது. "இப்ப தூக்குங்க," என்றான். தூக்கினேன். கிளை எழும்பியது. சுவர் சும்மா இருந்தது. மேலிருந்து கபீர், கவட்டின் வாய் மூடுகிறது என்று சத்தம் கொடுத்தான்.

சேதுபதி கம்பியின் மீது கை வைத்துக்கொண்டே மரத்திலிருந்து சுவர் வரை நடந்து பார்த்தான்.

"காப்பு இருக்கு."

"இருக்கு," என்றான் மருதப்பன்.

"கம்பியும் இருக்கு."

"இருக்குலா."

"அப்ப எதத்தான்யா வெட்டுனீங்க?"

கீழே கிடந்த துண்டை எடுத்து ஆளாளுக்குப் புரட்டிப் பார்த்தார்கள்.

கடைசியாக நான் என் கயிற்றைச் சற்றுத் தளர்த்தி விட்டேன். காற்றில் கிளை அசைய இடம் வேண்டும், அளவு மீறும்போது மட்டும் கயிறு பிடிக்க வேண்டும். இந்த அளவு என் கைக்குத் தெரியும், வாயால் சொல்லத் தெரியாது. மருதப்பன் அந்தத் தொய்வைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. குழந்தையைக் கிணற்றங்கரையில் விட்டுவிட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"இவ்ளோ லூசாவா விடுவீங்க?"

"இவ்ளோதான்."

"ஒங்களுக்குக் கட்டத் தெரியும்னு சொன்னாங்க," என்றான்.

வேறு எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் சுமத்ராக் காற்று அடித்தது. கடலைத் தாண்டி வந்து தகரத்தையெல்லாம் உரித்துக்கொண்டு போகிற காற்று. என் கட்டைப் பற்றி எனக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. இருந்தாலும் வெளிச்சம் வந்ததும் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். லயன்காரர்கள் நடையில் ஒதுங்கி நின்றார்கள். மருதப்பன் முற்றத்தில் மழையில் நின்றான். அண்ணாந்து கிளையைப் பார்த்து, அது சாயும் பக்கமெல்லாம் அவனும் சாய்ந்தான். கிளை எழும்பி, தாழ்ந்து, திரும்பவும் எழும்பியது. என் கயிறு விறைக்கும், தளரும். சுவரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"பூவம்மா எங்கடா?"

"தூங்குறா."

"இந்தக் காத்துலயா?"

"முனகல் இல்லியாம். அசந்து தூங்குறா." அதைச் சொல்லும்போது அவன் குரல் அழுகிறவன் குரல் மாதிரி இருந்தது. "ஆடுதுண்ணே."

"ஆடட்டும். விழலல்ல?"

"இப்ப விழல. ஆடுறது எப்ப விழும்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றேன். அதுதான் உண்மை. துறைமுகத்தில் யாரிடமும் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை.

காற்று ஓய்கிற வரை அவன் உள்ளே போகவில்லை. நானும் அவனோடு நின்றேன். எதற்கு நின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கரகம் எடுத்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் ரேஸ் கோர்ஸ் ரோடு சுற்றி வந்தான், தலை அவ்வளவு அசையாமல். காப்பு அவிழ்த்த மத்தியானமே, அவனாகவே மரத்தில் ஏறித் தன் கம்பியை எடுத்துவிட்டான். பட்டைக்குள் புதைந்ததை மட்டும் அப்படியே விட்டுவிட்டு இரு பக்கமும் நறுக்கினான். அது இனி மரத்தின் சதை என்றான். நான் துளை போட்டு போல்ட் வைத்து, நிரந்தரமாகக் கயிறு கோத்துக் கொடுத்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அது முத்துசாமி கட்டு என்று சொல்லிக்கொண்டேன், சொன்னால் என்ன? ஆனால் லயன்காரர்கள் இன்றைக்கும் மருதப்பன் காப்பாற்றிய மரம் என்றுதான் சொல்கிறார்கள். அவன் கட்டி விழப்போனதைச் சொல்கிறார்களா, வெட்டாமல் வெட்டியதைச் சொல்கிறார்களா? கேட்டுப் பார்த்துவிட்டேன். ரெண்டும்தான் என்கிறார்கள்.

அதன் பிறகு காற்றடித்த நாளெல்லாம், வேலைக்குப் போகும் வழியில் மருதப்பன் என் கடை வாசலில் நிற்பான். தன் வீட்டுக்கு மேலே இருக்கிற கிளையைத் தானே பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பான், ஆனாலும் என்னைக் கேட்பான்.

"ஆடுதுல்ல?"

"ஆடும்டா. ஆடணும்."

"சரி," என்பான்.

அந்த 'சரி'யில் நிம்மதி இருந்ததா, இல்லையா என்று எத்தனையோ தரம் அவன் முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறேன். அவன் மேலே பார்த்துக்கொண்டே நடந்து போய்விடுவான்.